புகை காக்கும் என்று சொன்னவர்

அந்தச் சலவைக்கூடத்தில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் சிம்னி என்று பேர் வைத்தது யார் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. கொதிகலனுக்கு ஒரு புகைபோக்கி, அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இன்னொன்று என்று யாரோ கிண்டலாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. மீசை முளைக்கிற வயதில் பிடித்த சிகரெட்டை, மீசை நரைக்கிற வயதுவரை கீழே போடாதவருக்கு வேறு என்ன பேர் பொருந்தும்?

மருத்துவமனைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் விரிப்பு, போர்வை, துண்டு எல்லாம் துவைத்துக் கொடுக்கிற இடம் அது. தொற்று வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது விடுதித் துணிகள் வருவது நின்றுபோயிற்று. மருத்துவமனைத் துணிகள் மலைபோல வந்து குவிந்தன. அதனால் இவர்களுக்கு விடுமுறை என்ற பேச்சே இல்லை. கேன்டீனை மட்டும் மூடிவிட்டார்கள். மடிப்பு அறையில் வேலை பார்ப்பவர்கள் அங்கிருந்த பெரிய மேஜையிலேயே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். அந்த அறையின் ஜன்னல்களுக்குத் திறப்பே கிடையாது. துவைத்த வெள்ளைத் துணியில் தூசி விழக்கூடாது என்று கட்டும்போதே அடைத்துவிட்டிருந்தார்கள்.

சிம்னி அங்கே போகமாட்டார். சாப்பிட்டு முடித்த கையோடு ஒன்றைப் பற்றவைத்தாக வேண்டும் என்பதால், அவரும் வேன் டிரைவரும் கொதிகலனுக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்க்கிற சோப்பு என்பவரும் அவர்களோடு வந்து உட்காருவார். சோப்பு என்ற பேர் அவர் பார்க்கிற வேலையால் வந்ததா, மேலாளரிடம் பேசுகிற விதத்தால் வந்ததா என்பதில் இருவிதமான கருத்து உண்டு. அவர் புகைக்கமாட்டார். ஊர்க்கதை கேட்க வருகிறவர்.

முதல் அலையிலேயே மடிப்பு அறையில் நாலு பேர் அடுத்தடுத்துப் படுத்துவிட்டார்கள். அதில் ஒருவர் சிம்னியின் மனைவியுடைய அண்ணன். சிம்னிக்கு மச்சான். காலையில் எழுந்து ஓட்டம் ஓடுகிறவர், டீகூடக் குடிக்காதவர், புகை வாசனை அடித்தாலே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்கிறவர். "மாப்ளே, என் நெஞ்சு சுத்தமா இருக்கு. எனக்கு எதுவும் வராது. பயப்பட வேண்டியது நீதான்" என்று முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே தள்ளிவிட்டுக்கொண்டு சொன்னவர்.

மச்சானுக்குக் காய்ச்சல் என்று தெரிந்த அன்று சிம்னிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பார்த்தீங்களா? ஓடுறவன் படுத்துட்டான். ஊதுறவன் உட்கார்ந்திருக்கேன்" என்றார். "உள்ள இருக்கிற நாலு பேர் படுத்தாச்சு. இங்க நமக்கு ஒரு தும்மல் உண்டா? புகை அடிச்சா கொசுவே ஓடிப்போகுது. கிருமி நிக்குமா?"

வேன் டிரைவர் உடனே போனை எடுத்தார். யாரோ யாருக்கோ அனுப்பி, அது நூறு கை மாறி அவருக்கு வந்து சேர்ந்த செய்தி. புகைபிடிப்பவர்களை இந்த நோய் அதிகம் தாக்குவதில்லை என்று ஏதோ வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டார்களாம். எந்த நாடு, யார் கண்டுபிடித்தார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. அதைச் சிம்னி கேட்கவும் இல்லை. கண்ணெதிரே நாலு பேர் படுத்திருக்கும்போது வேறு அத்தாட்சி எதற்கு? அன்றிலிருந்து அவர் சிகரெட்டைச் சிகரெட் என்று சொல்வதை விட்டுவிட்டார். "ஒரு தடுப்பூசி போட்டுட்டு வந்துடறேன்" என்றுதான் எழுந்துபோவார். எல்லாரும் சிரிப்பார்கள்.

சிரிக்காமல் கேட்டுக்கொண்டவள் ஒருத்தி இருந்தாள். மடிப்பு அறையிலேயே வயதில் சின்னவள். எல்லாருக்கும் கடைக்குட்டி. வீட்டில் அவளும் அவளுடைய அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு நெஞ்சில் பழைய நோய். வேலைக்கு வராமல் இருக்கவும் முடியாது, வந்து எதையாவது வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயமும் தாங்காது. ஒருநாள் கொதிகலன் பக்கம் வந்து தயங்கித் தயங்கி நின்றாள்.

"அண்ணே, நீங்க சொல்றது நிஜமா?"

"எது?"

"புகை பிடிச்சா வராதுன்னு."

சிம்னி வால்வைத் திருகிக்கொண்டே, "என்னைப் பார்த்தா தெரியலையா?" என்றார்.

ஒன்று கேட்டாள். கொடுத்தார். அவள் இருமிக் கண்ணீர் விட்டதைப் பார்த்து, "முதல்ல அப்படித்தான் இருக்கும், போகப்போகப் பழகிடும்" என்று தைரியமும் சொன்னார். வெளியே நின்று புகைக்க அவளுக்கு வெட்கம். மடிப்பு அறையை ஒட்டிய கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு பிடிப்பாள் என்று பின்னால் தெரிந்தது.

மச்சானுக்குக் காய்ச்சலோடு போகவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்து, மருத்துவமனையில் சேர்த்து ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள். யாரும் போய்ப் பார்க்க முடியாது. சிம்னியின் மனைவி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். அவர் வழக்கம்போல ஜன்னலோரம் நின்று பற்றவைத்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் அண்ணன் அங்க மூச்சுக்குத் தவிச்சிட்டுக் கிடக்கான். நீங்க இங்க நல்லா இருக்கிற மூச்சை எரிச்சுட்டு நிக்கிறீங்க."

"நான் புகைச்சதாலயா உங்கண்ணனுக்கு வந்துச்சு? புகை நல்லதுன்னு நான் சொன்னா அவன் எங்க கேட்டான்?"

"வெளிய போய்ச் சிரிச்சீங்களாமே. அதையும் கேள்விப்பட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிகரெட்டை அணைக்கவில்லை.

அடுத்து படுத்தது கடைக்குட்டி. வேலைக்கு வரவில்லையே என்று சோப்புதான் விசாரித்துவந்து சொன்னார். அன்று மத்தியானம் அவளே சிம்னியைப் போனில் கூப்பிட்டாள். குரல் பாதி காற்றாக வந்தது.

"அண்ணே, நான் ஒருநாள்கூட விடாமத்தான் பிடிச்சேன். அப்புறம் எப்படிண்ணே வந்துச்சு? பிடிச்சது பத்தலையா?"

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். அதுதான் அவரை அடித்துப் போட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். "உடம்பைப் பார்த்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவர், டப்பாவில் இருந்த சாப்பாட்டை அப்படியே மூடினார்.

எதிரே சோப்பு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டேய், நீ வாழ்க்கையில ஒரு தடவையாவது புகைச்சிருக்கியா?"

"எனக்கு அந்த நாத்தமே ஆகாது. உங்க வாயைக் கேக்கத்தானே இங்க வர்றேன்."

"அப்ப உனக்கு ஏன் வரல? ஆஸ்பத்திரி அழுக்குத் துணியை மூட்டை மூட்டையா அள்ளுறது நீதானே?"

சோப்புக்கு வாய் நிறையச் சாப்பாடு. மெல்லுவதை நிறுத்திவிட்டு, "அதானே!" என்றார். பிறகு பயந்துபோய், "ஏம்ப்பா வயித்துல புளியைக் கரைக்கிற?" என்றார்.

அன்று வேலை முடிந்து எல்லாரும் கிளம்பும் நேரத்தில் சிம்னி மடிப்பு அறைக்குள் போனார். பல மாதமாக அவர் அங்கே கால் வைத்ததில்லை. அடுக்கிவைத்த விரிப்புகள், துடைத்த மேஜை, யாரும் இல்லை. ஆனால் கதவைத் திறந்ததுமே மத்தியானம் யாரோ சாப்பிட்ட குழம்பின் வாசனை முகத்தில் வந்து மோதியது. சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆகியிருக்கும். வாசனை அறையை விட்டு நகரவில்லை. அவர் அங்கேயே நின்றார். வெட்டவெளியில் தான் விடுகிற புகை சுவர் தாண்டிப் போய்விடுவது நினைவுக்கு வந்தது. இங்கே ஒரு குழம்பு வாசனைக்கே வெளியே போக வழியில்லை. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு எட்டுப் பேர் மூக்கும் மூக்கும் முட்ட உட்கார்ந்து சாப்பிட்டால், அவர்கள் விட்ட மூச்சு மட்டும் எங்கே போகும்? சோப்பைக் காப்பாற்றியது புகை இல்லை. தன்னைக் காப்பாற்றியதும் புகை இல்லை. புகைக்கிற சாக்கில் வெளியே உட்கார்ந்திருந்ததுதான். அதுவும் இத்தனை நாள் வெறும் அதிர்ஷ்டம்.

இதை அவர் முதலில் சொன்னது வேன் டிரைவரிடம். டிரைவர் சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார். "மச்சான் படுத்ததுல உனக்கு மூளை குழம்பிடுச்சு. நல்லா இருக்கிற விஷயத்தை ஏன் நோண்டுற?"

மேலாளர் அம்மா பொறுமையாகக் கேட்டார். ஜன்னலை உடைக்க முடியாது, துணி பாழாகிவிடும், மருத்துவமனை திருப்பி அனுப்பிவிடும் என்றார். வெளியே மேஜை போடலாம், ஆனால் ஒரு சிக்கல்.

"அங்க நீங்க புகை விடுவீங்க. மத்தவங்க எப்படி உட்கார்ந்து சாப்பிடுவாங்க? அந்த இடத்துல யாரும் புகைக்கமாட்டீங்கன்னா இன்னைக்கே மேஜை போடச் சொல்றேன்."

"புகைக்கமாட்டோம்" என்றார் சிம்னி. சொன்ன பிறகுதான் டிரைவரைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பது உறைத்தது.

டிரைவர் குதித்தார். "நீ யாரு என் இடத்தை எழுதிக் கொடுக்க?" அவரை வண்டி நிறுத்துகிற பக்கம் போய்ப் புகைக்கச் சொன்னார்கள். சிம்னியும் அங்கே போகலாம், யாரும் தடுக்கவில்லை. வீட்டில் மனைவிகூட அதையேதான் சொன்னாள், கொஞ்சம் குத்தலாக.

"அங்க போய் ஊத வேண்டியதுதானே? யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

"அந்தப் பொண்ணுக்கு என் கையாலதான் எடுத்துக் கொடுத்தேன்" என்றார். "நான் ஒரு மூலையில நின்னு ஊதிட்டே புகை காப்பாத்தாதுன்னு சொன்னா எவன் நம்புவான்? விட்டுடறேன்."

"எத்தனையாவது தடவை?"

"இதுவரைக்கும் உனக்காக விட்டேன், நம்ம மகளுக்காக விட்டேன். இந்தத் தடவை விட்டாத்தான் என் பேச்சு எடுபடும்."

அவள் ஜன்னலோரம் இருந்த சாம்பல் கிண்ணத்தைக் கழுவிச் செடி வைத்துவிட்டாள்.

சிகரெட்டை விட்ட சிம்னி மனுஷனாக இல்லை. குழாய் சொட்டினால் குழாயைத் திட்டினார். மின்விசிறி சத்தம் போட்டால் மின்விசிறியைத் திட்டினார். பள்ளிக்கூடம் மூடி வீட்டில் இருந்த மகள், "அப்பா, சுவரை மட்டும் இன்னும் திட்டல, அது பாவம் ஏங்கிப்போச்சு" என்றாள். அதற்கும் திட்டு வாங்கினாள். கை சும்மா இருக்க முடியாமல் சட்டைப் பையைத் தடவித் தடவிப் பை நைந்துபோனது. அதில் ஒரே ஒரு பாக்கெட் இருந்தது. கையில் இருந்தும் தொடாமல் இருப்பதுதான் வீரம் என்று வைத்திருந்தார்.

பிறகு இருமல் ஆரம்பித்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி வருகிற இருமல். சலவைக்கூட வாசலில் நெற்றிக்கு நேராகக் கருவியைப் பிடித்துச் சூடு பார்க்கிற காவலாளி, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கருவியைப் பிடித்தபடியே இரண்டடி பின்னால் போனார்.

"சூடு இல்ல. ஆனா இருமல் இருக்கே. டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் உள்ள விட முடியாது."

வண்டிப் பக்கம் நின்ற டிரைவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். "சொன்னேனா இல்லையா? இத்தனை வருஷம் ஊதினான், ஒண்ணும் ஆகல. விட்ட வாரமே பிடிச்சுக்கிச்சு!"

அதற்கப்புறம் வெளியே போட்ட மேஜையில் ஒருவரும் உட்காரவில்லை என்று சோப்பு போனில் சொன்னார். அதுமட்டுமில்லை, புதிதாக இரண்டு பேர் டிரைவரோடு போய்ப் புகைக்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

சோதனைக்கு மாதிரி கொடுத்துவிட்டு வந்து, முடிவு தெரியும்வரை சிம்னி பின்னறையில் தனியாக இருந்தார். இருமி இருமி விலா வலித்தது. டிரைவர் போனில் கூப்பிட்டார். குரலில் கேலி இல்லை, அக்கறைதான் இருந்தது. அதுதான் ஆபத்தாக இருந்தது.

"கேளு. ஒண்ணே ஒண்ணு ஊது. இருமல் நின்னுடும். நின்னுச்சுன்னா உனக்கே தெரிஞ்சுபோகும்."

நிற்கும் என்று சிம்னிக்குத் தெரியும். முன்பு ஒவ்வொரு தடவை விட்டபோதும் இப்படித்தான் இருமல் வந்தது, ஒன்று பற்றவைத்ததும் நின்றது. நின்றதும், பார்த்தாயா, புகைதான் எனக்கு மருந்து என்று சொல்லிக்கொண்டவர் அவரேதான். இப்போது உள்ளே ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. ஒருவேளை டிரைவர் சொல்வது சரியாக இருந்தால்? பாதுகாப்பாக இருந்த ஒன்றைத் தானே கழற்றி எறிந்திருந்தால்? மடிப்பு அறையில் நின்று யோசித்ததெல்லாம் இந்தப் பயத்தின் முன்னால் நிற்கவில்லை. கை பைக்குப் போயிற்று. பாக்கெட்டைப் பிரித்தார். ஒன்றை உதட்டில் வைத்தார். தீப்பெட்டியையும் எடுத்துவிட்டார்.

குழம்பு வாசனை ஞாபகம் வந்தது என்றோ, மச்சான் முகம் தெரிந்தது என்றோ சொன்னால் அது பொய். கடைக்குட்டி கேட்டதுதான் காதில் விழுந்தது: பிடிச்சது பத்தலையா?

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். குடிக்க வைத்திருந்த சொம்பில் பாக்கெட்டோடு எல்லாவற்றையும் போட்டு அமுக்கினார். தண்ணீர் பழுப்பாகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மனைவி, "என்னங்க பண்றீங்க?" என்றாள்.

"குடிக்க வேற தண்ணி வை" என்றார்.

அவள் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மகள் செய்கிற சேட்டை, அடுத்த வீட்டுச் சண்டை, அண்ணனுக்கு ஆக்சிஜனைக் குறைத்துவிட்டார்கள் என்ற நல்ல செய்தி என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவர் இந்தப் பக்கம் இருமிக்கொண்டே கேட்டார்.

சோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. போனில் பேசிய டாக்டர், சிகரெட்டை விட்டவர்களில் சிலருக்கு இப்படி இருமல் வரும், நெஞ்சு தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கொள்கிறது என்றார். "இத்தனை வருஷக் குப்பை. கூட்டிப் பெருக்க நாளாகும். மறுபடி உள்ள கொட்டிடாதீங்க." தொற்று வந்தால் புகைப்பவர்களுக்குத்தான் நிலைமை மோசமாகும் என்பதையும் சொன்னார்.

சிம்னி வேலைக்குத் திரும்பியபோது, சோதனையே பொய்யாக இருக்கலாம் என்றார் டிரைவர். சிம்னி சண்டைக்குப் போகவில்லை. இருமிக்கொண்டே வேலையைப் பார்த்தார். வெளியே போட்ட மேஜை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கழித்துப்போட்ட கிழிந்த விரிப்புகளைச் சோப்பிடம் எடுத்துவரச் சொல்லி, இரண்டு பேருமாகக் கயிறு கட்டிப் பந்தல் போட்டார்கள். அப்போதும் யாரும் வரவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிம்னி மடிப்பு அறைக்குள் போய், நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுவந்து பந்தலுக்குக் கீழே தள்ளித் தள்ளிப் போட்டார்.

"நாற்காலி எங்கே?" என்று உள்ளே ஒரு குரல்.

"வெளிய காத்து வாங்கிட்டிருக்கு" என்றார். "நின்னுட்டே சாப்பிடுறவங்க உள்ள சாப்பிடலாம்."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். வெயில் என்றார்கள், ஈ என்றார்கள். வேலை முடிந்ததும் நாற்காலிகளை உள்ளே கொண்டுபோய்ப் போடுவார், மறுநாள் மறுபடியும் தூக்குவார். மேலாளர் அம்மா பார்த்துவிட்டு, இனி அவை வெளியிலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அந்த மழைக்காலம் வருவதற்குள் மடிப்பு அறையில் இன்னும் ஒருவர் படுத்தார். முன்புபோலக் கூட்டமாகப் படுக்கவில்லை. டிரைவருக்கும் வந்தது, பிழைத்துக்கொண்டார். எந்த வகைச் சிகரெட் பிடித்திருந்தால் வந்திருக்காது என்று இன்றைக்கும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

மச்சான் வீடு திரும்பியதும் சிம்னி போய் வாசலில் தள்ளி நின்றார். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"நான் படுத்ததைப் பார்த்துச் சிரிச்சியாமே, மாப்ளே?"

"சிரிச்சேன் மச்சான்."

மச்சான் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "எனக்கு வராதுன்னு நானும் உன்னைப் பார்த்துச் சிரிச்சவன்தான்" என்றார். "விட்டுட்டியாமே. என் தங்கச்சி சொன்னா. நம்பல."

"நம்பாதீங்க. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

கடைக்குட்டி வேலைக்கு வந்து சேர்ந்தபோது அவளுடைய அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டு எல்லாரும் நிம்மதிப்பட்டார்கள். சிம்னிக்கு மட்டும் அந்த நிம்மதி நிலைக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்து அவள் எழுந்துபோன திசையைப் பார்த்தார். பின்னாலேயே போனார். வண்டிக்கு மறைவில் நின்று புகைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தாள்.

"இப்ப பயத்துக்குப் பிடிக்கல அண்ணே. விடத்தான் பார்க்கிறேன். முடியல. நீங்கதான் பழகிடும்னு சொன்னீங்க. பழகிடுச்சு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"என் நம்பர் இருக்குல்ல? பிடிக்கணும்னு தோணுறப்ப பத்தவைக்காதே, எனக்குப் போன் போடு. எந்நேரமா இருந்தாலும் பரவாயில்ல. அந்த வெறி கொஞ்ச நேரந்தான் நிக்கும், அப்புறம் தானா போயிடும். அது போற வரைக்கும் நான் பேசுறேன்."

"என்னண்ணே பேசுவீங்க?"

"எனக்கென்ன தெரியும், கொதிகலனைப் பத்திப் பேசுவேன். இல்ல உன்னைத் திட்டுவேன்."

அவள் சிரித்தபடி சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தாள். முதல் நாளே ஏழெட்டுத் தடவை கூப்பிட்டாள். சிம்னி ஒரு கையால் வால்வைப் பிடித்துக்கொண்டு, நீராவி அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும், கூடினால் என்ன ஆகும், குறைந்தால் மேலாளர் அம்மா எப்படிக் கத்துவார் என்று அவளுக்கு விளக்கினார். நடுநடுவே இருமினார். அவளும் இருமினாள். "போயிடுச்சா?" என்பார். "இன்னும் இல்லண்ணே" என்பாள். சரி என்று தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஆரம்பிப்பார்.